கூந்தற்பனை: மலைச்சரிவுக்கு ஒன்று, தொட்டிக்கு ஒன்று

போடிநாயக்கனூர் வட்டாரத்தில் "கூந்தற்பனைக் கன்று வேண்டும்" என்று கேட்டு வாங்கும் விவசாயிகள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அந்தப் பெயருக்கு இரண்டு செடிகள் உரிமை கொண்டாடுகின்றன என்பது. ஒன்று, மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரச் சரிவுகளில் தானாக வளரும் நம் நாட்டுக் கூந்தற்பனை. திருமணப் பந்தல் வாசலில் வாழை மரத்துக்கும் இளநீர்க் குலைக்கும் பக்கத்தில் சடைசடையாகத் தொங்குகிறதே, அந்தக் குலையைத் தரும் மரம் இதுதான். மற்றொன்று, நகரத்து நாற்றுப் பண்ணைகளில் "போனிடெயில் பாம்" என்று விற்கப்படும் தொட்டிச் செடி. அந்த ஆங்கிலப் பெயரைத் தமிழில் சொல்லப் போனால் குதிரைவால் பனை, கூந்தல் பனை என்றுதான் வரும். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

ஒரு மூட்டை விதை மாறிப் போனால் ஒரு போகம் நட்டம். அடுத்த போகத்தில் சரிக்கட்டலாம். இங்கே அப்படியல்ல. நாட்டுக் கூந்தற்பனை முதல் குலை தள்ளப் பத்து முதல் பதினைந்து ஆண்டுகள் ஆகும். தவறான கன்றைத் தவறான இடத்தில் வைத்தவருக்கு அது தெரிய வரும்போது பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களாகியிருப்பார்கள். ஆகவே கன்று வாங்கும் நாளிலேயே இனம் பிரித்து அறிவது அவசியம்.

கன்றிலேயே அடையாளம்

நாட்டுக் கூந்தற்பனையின் இளங்கன்றில் இலை அகலமாக, நுனி கிழிந்தாற்போல், மீனின் வால் போல இருக்கும். ஓரம் ஒழுங்கற்ற பல் பல்லாக அமைந்திருக்கும். தொட்டிச் செடியின் இலையோ புல்லைப் போலக் குறுகி நீண்டு வளைந்து தொங்கும். அடித்தண்டு வெங்காயம் போல் உருண்டிருக்கும். இதில் குழம்ப இடமே இல்லை.

மீன்வால் இலை இருந்தாலும் இன்னொன்றைப் பார்க்க வேண்டும். ஒரே அடியிலிருந்து பக்கக் கன்றுகள் கிளம்பிப் புதராக வளரும் வேறொரு இனம் உண்டு. தென்கிழக்கு ஆசிய நாடுகளைச் சேர்ந்த அது அழகுக்காக வளர்க்கப்படுவது. நாற்றுப் பண்ணைகளில் மிகுதியாகக் கிடைப்பதும் அதுவே. நம் கூந்தற்பனை ஒற்றைத் தண்டு மரம்; பக்கக் கன்று விடவே விடாது. ஆகையால் பையில் இரண்டு மூன்று கன்றுகள் ஒரே அடியில் ஒட்டி நின்றால் அது பந்தல் குலை தரும் நம் மரமல்ல.

மலைச்சரிவின் கூந்தற்பனை

தாவர நூல்கள் இதனைக் காரியோட்டா யூரன்ஸ் என்று குறிக்கின்றன. கேரளத்தில் சூண்டப்பனை என்றும், இலங்கையில் கித்துள் என்றும் வழங்கும் மரம் இதுவே. நாற்பது, ஐம்பது அடிக்கு மேல் வளரும். தண்டு சாம்பல் நிறம். உதிர்ந்த மட்டைகளின் தழும்பு வளையம் வளையமாகத் தெரியும். ஒவ்வொரு மட்டையும் பதினைந்து, இருபது அடி நீளம். தென்னை, பனை, கமுகு எதிலும் இல்லாத ஒரு தனிக்குணம் இதற்கு உண்டு. மட்டையின் நடுநரம்பிலிருந்து கிளை நரம்புகள் பிரிந்து, அவற்றில்தான் இலைகள் இருக்கும். முருங்கையிலையைப் பெரிதாக்கிப் பார்த்தாற்போன்ற அமைப்பு.

போடி நகரம் மலையின் மழை மறைவுப் பக்கத்தில் இருக்கிறது. ஊரைச் சுற்றியுள்ள காய்ந்த கரிசலும் செம்மண்ணும் இம்மரத்துக்கு ஒவ்வாதவை. முந்தலைத் தாண்டி மேலே ஏற ஏறக் காற்றில் ஈரம் கூடுகிறது. குரங்கணி, கொட்டகுடிப் பக்கத்து ஓடைக்கரைகள், காப்பியும் மிளகும் நிற்கும் நடுச்சரிவுகள், போடிமெட்டுக்கு அப்பால் ஏலத் தோட்டங்களின் எல்லைகள் ஆகியவை இதற்கு ஏற்ற இடங்கள். மண்ணில் மக்கு இருக்க வேண்டும். தண்ணீர் ஓட வேண்டும், தேங்கக் கூடாது. சமவெளியில் வைத்தே தீருவேன் என்பவர், கிணற்றடி வாய்க்கால் ஓரத்தில் தென்னையின் அரை நிழலில் ஒன்றிரண்டு வைத்துப் பார்க்கலாம். அதற்கு மேல் ஆசைப்படுவதில் பயனில்லை.

விதை எடுப்பதில் எச்சரிக்கை

விதை நன்கு பழுத்துச் சிவந்த காயிலிருந்து எடுக்கப்பட வேண்டும். ஒவ்வொரு பழத்திலும் ஒன்று அல்லது இரண்டு கொட்டைகள் இருக்கும். பழத்தை வெறுங்கையால் பிசைந்தவர்கள் அந்தத் தவற்றை இரண்டாம் முறை செய்வதில்லை. கருணைக்கிழங்கும் சேனையும் அரிப்பதற்கு எது காரணமோ, அதே ஊசிப் படிகங்கள் இப்பழச் சதையில் நிறைய உள்ளன. யூரன்ஸ் என்ற லத்தீன் சொல்லுக்கே எரிச்சலூட்டுவது என்றுதான் பொருள். கைகளில் ரப்பர் உறை போட்டுக்கொண்டு, பழங்களை ஒரு வாளித் தண்ணீரில் நாலைந்து நாள் ஊறவிட்டு, சதை இளகிய பிறகு மணலுடன் சேர்த்துச் சாக்கில் தேய்த்துக் கழுவ வேண்டும். அந்த நீரைக் குழந்தைகள் விளையாடும் இடத்திலும் மாடு குடிக்கும் தொட்டிப் பக்கத்திலும் கொட்டக் கூடாது. கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்வது மிக முக்கியம்.

கொட்டையைக் காயவைத்துச் சேமிக்க வேண்டாம். காய்ந்த கொட்டை முளைப்புத் திறனை இழக்கும். எடுத்த வாரத்திலேயே மணல் கலந்த மேட்டுப்பாத்தியில் ஓர் அங்குல ஆழத்தில் ஊன்றி, வைக்கோல் மூடாக்குப் போட்டு, ஈரம் காயாமல் பார்க்க வேண்டும். முளைக்க இரண்டு மூன்று மாதமாகும்; சில கொட்டைகள் அதற்கும் மேல் எடுத்துக்கொள்ளும். ஒரு மாதம் பார்த்துவிட்டுப் பாத்தியைக் கொத்திப் போட்டுவிடும் அவசரக்காரர்கள் நல்ல நாற்றுகளை இழக்கிறார்கள். முதல் இலை விரிந்ததும் உயரமான பாலித்தீன் பைக்கு மாற்ற வேண்டும். வேர் ஆழம் தேடுவது. குட்டைப் பையில் சுருண்டுகொண்டால் பிறகு நிலத்தில் சரியாக ஊன்றாது. பைக்கு மண், மணல், மக்கிய தொழு உரம் மூன்றும் சம பங்கு போதும். ஓராண்டு, ஒன்றரை ஆண்டு அரை நிழலில் வளர்ந்த கன்று நடவுக்கு ஏற்றது.

தோட்டத்தில் தாய் மரம் இருந்தால் அதன் அடியிலும், மரநாய் எச்சமிட்ட பாறை ஓரங்களிலும் கன்றுகள் தாமே முளைத்திருக்கும். பழத்தைத் தின்று கொட்டையைப் பரப்பும் வேலையை மரநாய் செய்கிறது. அதை விரட்டுவது விவசாயிக்கு லாபமல்ல. தன் நிலத்தில் இப்படி முளைத்த சிறு கன்றை மண் உருண்டையோடு எடுத்துப் பையில் வைத்துத் தேற்றிக்கொள்ளலாம். காப்புக்காட்டிலிருந்து கன்றோ குலையோ எடுத்து வருவது வனச் சட்டப்படி குற்றமாகும்.

நடவும் இடமும்

மேல்சரிவில் தென்மேற்குப் பருவ மழை பிடித்ததும் ஆனி, ஆடியிலும், கீழ்ச்சரிவில் வடகிழக்குப் பருவ மழையை ஒட்டிப் புரட்டாசி, ஐப்பசியிலும் நடலாம். இரண்டடி நீள அகல ஆழத்தில் குழி எடுத்து ஆற விட்டு, மேல்மண்ணுடன் ஒரு கூடை மக்கிய எரு கலந்து நிரப்பி நட வேண்டும். மரத்துக்கு மரம் பதினைந்து அடி இடைவெளி தேவை. முதல் இரண்டு கோடைகளில் அடியில் சருகு மூடாக்கும், வாரம் ஒரு முறை தண்ணீரும் கொடுத்துவிட்டால் பிறகு அது தன்னைப் பார்த்துக்கொள்ளும். ஆண்டுக்கு ஒரு முறை மழைக்கு முன் எரு வைத்தால் போதுமானது.

ஏலச் செடிகளின் வரிசைக்குள் இதனை நடுவது புத்திசாலித்தனம் அல்ல. இருபதடி மட்டை காய்ந்து விழும்போது கீழே உள்ள ஏலத் தூரை நொறுக்கிவிடும். எல்லை ஓரம், ஓடைக்கரை, பாதை வளைவு ஆகியவற்றில்தான் இதற்கு இடம் கொடுக்க வேண்டும். மிளகுக்குத் தாங்கு மரமாகவும் இது உதவாது. நட்ட பத்து ஆண்டுகளில் கொடி நல்ல காய்ப்பில் இருக்கும். தாங்கும் மரமோ சாவதற்குத் தயாராகிக் கொண்டிருக்கும். அதற்கு முள்முருங்கையோ சில்வர் ஓக்கோ இருக்கிறது. யானை வந்து போகும் வழியில் இதனை வைக்கவே கூடாது. கேரளத்தில் வளர்ப்பு யானைகளுக்குத் தீனியாக வெட்டிப் போடுவது இந்த மரத்தின் மட்டையைத்தான். காட்டு யானைக்கும் அந்தச் சுவை தெரியும்.

பூத்தால் போகும் மரம்

இம்மரத்தைப் பற்றி விவசாயி மனத்தில் வைக்க வேண்டிய முக்கியமான செய்தி இதுதான். தென்னையும் கமுகும் மேலே புது மட்டை விட்டுக்கொண்டே இடையில் பாளையும் தள்ளும். கூந்தற்பனை அவ்வாறு செய்வதில்லை. வளரும் காலம் முழுவதும் தண்டில் மாவுச்சத்தைச் சேர்த்து வைக்கிறது. ஒரு நாள் உச்சியில், மிக மேலுள்ள மட்டையின் கக்கத்திலிருந்து முதல் பாளை வெளிவருகிறது. அத்துடன் புது இலை விடுவது நின்றுவிடும். பிறகு ஒவ்வொரு பாளையாக மேலிருந்து கீழாக, சேர்த்த சத்தைச் செலவிட்டுக்கொண்டே இறங்கி வரும். ஐந்து முதல் ஏழு ஆண்டுகளில் கடைசிப் பாளை தண்டின் நடுப்பகுதி வரை வந்துவிடும். அது பழுத்து முடிந்ததும் மரம் காய்ந்துவிடும். எந்த உரமும் மருந்தும் அதைத் தடுக்காது. நோய் வந்துவிட்டதென்று எண்ணி மருந்துக் கடைக்கு ஓட வேண்டியதில்லை.

இதை அறியாதவர்கள் ஒரே ஆண்டில் இருபது மரம் வைத்து, எல்லாம் ஒன்றாகக் குலை தள்ளும் காலத்தில் மகிழ்ந்து, எல்லாம் ஒன்றாகக் காயும்போது வெறும் நிலத்தைப் பார்த்து நிற்க நேரிடும். எல்லை ஓரத்தில் இருபது மரத்துக்கு இடம் உள்ளவர் ஆண்டுக்கு இரண்டாகப் பத்து ஆண்டுகள் நட்டு வர வேண்டும். முதல் பாளை தோன்றிய ஆண்டிலேயே அந்த மரத்துக்குப் பதில் மரமாக ஒரு கன்றைப் பக்கத்தில் ஊன்றிவிட வேண்டும். எல்லாக் குலையையும் பச்சையாகவே வெட்டி விற்றுவிடாமல், ஒரு மரத்துக்கு ஒரு குலையாவது பழுக்க விட்டு விதைக்கு வைத்துக்கொள்வது நல்லது. விதை கொடுக்காமல் செத்த மரத்துக்கு வாரிசு இல்லை. பக்கக் கன்றும் கிடையாது.

பந்தலுக்குக் குலை வெட்டுகிறவர்கள் காய் பச்சையாக, இறுக்கமாக இருக்கும்போது வெட்டுவார்கள். பழுத்தால் காய் உதிரும்; கீழே நிற்பவர்களுக்கு அரிப்பும் வரும். ஒரு குலை ஒன்பது, பத்தடி நீளம் தொங்கும். எனவே கயிற்றில் கட்டி இறக்க வேண்டும். வெட்டிப் போட்டால் சடை முறிந்து விலை போகாது. முகூர்த்த மாதங்களுக்கு முன்பே தேனி, மதுரைப் பக்கத்துப் பந்தல் அலங்காரக்காரர்களிடம் பேசி வைத்துக்கொள்வது நல்லது. மார்கழியில் வெட்டி வைத்துக்கொண்டு ஆள் தேடினால் குலை வாடிவிடும்.

மரம் ஏறுவது பற்றியும் ஒரு சொல். கடைசிப் பருவத்தில் நிற்கும் மரத்தின் வெளி வைரம் கறுத்து இரும்பு போல் இருக்கும். உள்ளே சோறு வற்றி உளுத்துப் போயிருக்கும். மட்டை முழுவதும் காய்ந்த மரத்தில் எவரையும் ஏற விடக் கூடாது. நல்ல வேளையாகப் பிந்திய குலைகள் தாழ்வாகவே வருவதால் ஏணி வைத்தோ, நீண்ட அலக்கில் அரிவாள் கட்டியோ அறுத்துவிடலாம்.

இலங்கையின் மலைநாட்டுக் கிராமங்களில் இம்மரத்தின் பாளையைச் சீவிச் சாறு எடுத்து, காய்ச்சிப் பாணியும் கருப்பட்டியும் செய்கிறார்கள். கித்துள் பாணி அங்கே தயிருக்குத் துணை. பல சிறு குடும்பங்களுக்கு அதுவே வருமானம். நம் பக்கத்தில் இந்த யோசனை தோன்றுகிறவர்கள் சட்டத்தை மறந்துவிடக் கூடாது. தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை உள்ளது. இச்சாறு சில மணி நேரத்தில் தானே புளித்துக் கள்ளாகிவிடும். ஆகையால் உரிய அனுமதி எழுத்தில் கைக்கு வரும்வரை பாளையில் கத்தி வைக்கக் கூடாது.

ஆயுள் முடிந்த மரத்தை நிற்க விடாமல் அகற்றுவது அக்கம்பக்கத்துத் தென்னைக்குச் செய்யும் உபகாரம். உளுத்த பனைத் தண்டுகளில்தான் காண்டாமிருக வண்டு பெருகுகிறது. சிவப்புக் கூன்வண்டுக்கும் கூந்தற்பனை ஓர் உணவு மரம். தண்டில் துளையும் பழுப்பு நீர்க் கசிவும் மென்று துப்பிய நாரும் தெரிந்தால் அது கூன்வண்டின் வேலை. காயம் பட்ட இடத்தில்தான் அது முட்டையிடும். எனவே பச்சை மரத்தில் ஆணி அடிப்பது, கொத்தி அடையாளம் வைப்பது வேண்டாம். மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் (1955) நடைமுறையில் உள்ள கிராமங்களில் மரம் வெட்டும் முன் அனுமதி பெற வேண்டும். கிராம நிர்வாக அலுவலரையோ வனச்சரக அலுவலகத்தையோ கேட்டால் தெரியும். வெட்டிய தண்டின் வெளி வைரம் கைமரம், வேலிக்கால், ஓடை நீரைக் கொண்டுவரும் தோணி எல்லாவற்றுக்கும் பயன்படும். மட்டை அடியில் உள்ள கருநார் கயிறும் துடைப்பமும் ஆகும்.

தொட்டிக் கூந்தற்பனை

இனி மற்றதைப் பார்க்கலாம். போனிடெயில் பாம் என்பது பனையே அல்ல. நம் தண்ணீர்விட்டான் கிழங்கு, நார்க்கற்றாழை, மருள் இவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. மெக்சிகோ நாட்டின் கிழக்குப் பகுதியில், ஆண்டில் பல மாதம் மழையற்ற பாறைக் காடுகள் இதன் தாயகம். பானை போல் பருத்த அடித்தண்டில் தண்ணீரைச் சேர்த்து வைத்துப் பிழைக்கிறது. அதனால் யானைக்கால் செடி என்றும் பெயர் உண்டு. வணிகத்துக்காகக் காட்டிலிருந்து பிடுங்கிப் பிடுங்கி அங்கே அருகிப் போய்விட்டதால், 2016-ல் ஜோகன்னஸ்பர்க் நகரில் கூடிய உலக மாநாட்டில் இதன் பன்னாட்டு வியாபாரம் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. நாற்றுப் பண்ணையில் விதை மூலம் வளர்த்த செடிகளே வாங்கத் தக்கவை.

கூந்தற்பனை மறுக்கும் போடிச் சமவெளியின் வெயிலும் வறட்சியும் இதற்கு ஏற்றவை. வீட்டு முற்றத்தில் ஐம்பது, நூறு தொட்டி வைக்க இடமும் தினம் கால் மணி நேரமும் உள்ள சிறு விவசாயிக்கு இது துணை வருமானம் ஆகலாம். ஆனால் மெதுவாக வளரும் செடி. பருத்த அடித்தண்டுக்குத்தான் விலை. அது பருக்க ஆண்டுகள் ஆகும். நெல் நிலத்தை இதற்கு மாற்றச் சொல்பவர் பேச்சைக் கேட்க வேண்டியதில்லை. போடிமெட்டின் மூடுபனியிலும் விடாத சாரலிலும் இது அழுகிவிடும். ஆகவே மலைத் தோட்டத்து நண்பர்கள் இதில் இறங்க வேண்டாம்.

மண் கலவையில் பாதிக்குப் பாதி ஆற்று மணலோ பொடி ஜல்லியோ இருக்க வேண்டும். மீதியில் செம்மண்ணும் கொஞ்சம் மக்கிய எருவும் போதும். தொட்டியின் அடித்துளை அடைபடாமல் ஓட்டாஞ்சில்லு வைக்க வேண்டும். தொட்டி, அடித்தண்டைவிட இரண்டு அங்குலம் மட்டும் அகலமாக இருந்தால் நல்லது. பெரிய தொட்டியில் வேர் எட்டாத மண் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு அழுகலை உண்டாக்கும். நடும்போது உருண்டைத் தண்டு மண்ணுக்கு மேலேயே இருக்க வேண்டும், மூடிவிடக் கூடாது.

இச்செடியைக் கொல்வது பெரும்பாலும் பூச்சியல்ல. அன்பு மிகுந்த கைகள் ஊற்றும் தண்ணீர்தான். விரலை மண்ணில் இரண்டு அங்குலம் விட்டுப் பார்க்க வேண்டும். ஈரம் தெரிந்தால் அன்று தண்ணீர் இல்லை. கோடையில் வாரம் பத்து நாளுக்கு ஒரு முறை நன்றாக நனைத்து வடியவிட்டால் போதும். மழை, குளிர் மாதங்களில் மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறையே அதிகம். அடித்தண்டை அழுத்திப் பார்த்தால் கல் போல் இருக்க வேண்டும். சற்றே சுருங்கியிருந்தால் தாகம். தண்ணீர் விட்டால் தேறிவிடும். பஞ்சு போல் அமுங்கினால் அழுகல். அது தேறுவது அரிது.

இலைக் கக்கத்தில் வெள்ளையாக மாவுப்பூச்சி அண்டினால், வேப்பெண்ணெயைக் காதி சோப்புக் கரைசலில் கலந்து மாலை வேளையில் துணியால் துடைத்துவிடலாம். இலை நுனி பழுத்தால் கத்தரித்தால் சரியாகிவிடும், அது நோயல்ல. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை தொட்டி மாற்றலாம். விதைக்கு இதனிடம் எதிர்பார்க்க முடியாது. ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. தொட்டியில் பூப்பதும் அபூர்வம். ஆகையால் சிறு நாற்றுகளை நம்பகமான பண்ணையில் வாங்கிப் பெரிதாக்கி விற்பதுதான் நடைமுறைக்கு ஏற்றது. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி பக்கத்திலேயே இருப்பதால், வாங்கும் முன் ஒரு கன்றைக் கொண்டுபோய்க் காட்டி இனத்தை உறுதி செய்துகொள்ளலாம்.

ஐப்பசி அடைமழை தொடங்கும் முன் தொட்டிகளைத் தாழ்வாரத்துக்குள் நகர்த்தி, அடியில் தட்டு வைத்திருந்தால் எடுத்துவிட வேண்டும். தட்டில் தேங்கும் ஓரங்குலத் தண்ணீர் ஆறு ஆண்டு வளர்ப்பை ஒரே மாதத்தில் அழுக வைத்துவிடும்.